தெருத் தொழிலும் டாலரும்: ராப் பாட்டின் பொருளைப் பிரித்தெடுப்பது எப்படி

தெருவில் சரக்கு (போதைப்பொருள்) விற்றுப் பணம் பார்த்தவனின் கதையைச் சொல்லும் அமெரிக்க ராப் பாட்டை முதல் தடவை கேட்பவர் காதில் கெட்ட வார்த்தையும் கார், கடிகாரப் பெருமையும்தான் விழும். வெறும் பந்தா என்று அதோடு தள்ளிவிடுவார். ஆனால் இந்த வகைப் பாட்டு பெரும்பாலும் ஒரு வரவு-செலவு நோட்டு. வரவை உரக்கப் படிப்பார்கள், செலவை வாய்க்குள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பைப் பிடித்துவிட்டால் பாட்டு பிடிபட்டுவிடும். அதற்கான வழிமுறை கீழே.

ஆண்டும் ஊரும் தெரியாமல் தொடங்காதீர்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாட்டு வெளிவந்த ஆண்டு, பாடுபவரின் ஊர். ஒரே சொல் நியூயார்க்கில் ஒன்று, அட்லாண்டாவில் வேறொன்று. ‘பிரிக்’ என்றால் பல ஊர்களில் ஒரு கிலோ கொக்கெய்ன். நியூயார்க்காரர் வாயில் அதுவே கடுங்குளிர். பாஸ்கெட்பால் பேச்சில் குறி தவறிய பந்து. ஓர் ஆல்பம் ‘பிரிக்’ ஆனது என்றால் விற்காமல் படுத்துவிட்டது. ஊர் தெரியாவிட்டால் டெலிபோன் ஏரியா கோடு காட்டிக்கொடுக்கும்: 404 அட்லாண்டா, 713 ஹூஸ்டன், 305 மயாமி, 504 நியூ ஆர்லியன்ஸ், 313 டெட்ராய்ட், 718 என்றால் புரூக்ளின், குயின்ஸ் பக்கம். குடியிருப்புப் பெயர்களும் இப்படித்தான். குயின்ஸ்பிரிட்ஜ் என்று வந்தால், அது அமெரிக்காவிலேயே மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு. அந்த ஒரு பெயரே பாதிப் பின்னணியைச் சொல்லிவிடும்.

ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்குச் சட்டப் புத்தகம்தான் சாட்சி. 1986-இல் வந்த மத்தியச் சட்டப்படி 5 கிராம் கிராக் (புகைக்கும் கட்டிக் கொக்கெய்ன்) வைத்திருந்து விற்றால் குறைந்தது 5 ஆண்டு சிறை. அதே தண்டனை பவுடர் கொக்கெய்னுக்கு வேண்டுமென்றால் 500 கிராம் இருக்க வேண்டும். நூறுக்கு ஒன்று. கிராக் வழக்கில் மாட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2010-இல்தான் 5 கிராம் 28 கிராமாக உயர்ந்து விகிதம் 18-க்கு 1 என்று இறங்கியது. 2018-இல் வந்த சட்டம் பழைய கைதிகளுக்கும் அதை நீட்டித்தது. ஆகவே 1990-களின் பாட்டில் ‘ஹார்டு’ (கிராக்), ‘சாஃப்ட்’ (பவுடர்) என்று பிரித்துச் சொல்லும் வரி சரக்கு வகையை மட்டும் சொல்வதில்லை, எத்தனை வருடம் உள்ளே போவான் என்பதையும் சொல்கிறது. கஞ்சா வரிகளுக்கும் இப்படி ஒரு எல்லைக்கோடு உண்டு: 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் வாக்கெடுப்பில் அனுமதித்தன. அதற்குப் பிறகு வந்த பாட்டில் ‘நாங்கள் உள்ளே போன சரக்கை இன்று கடை வைத்து விற்கிறார்கள்’ என்ற கசப்பு கேட்டால் அது தற்செயல் அல்ல.

வரிகளைக் கையில் எடுப்பது

ஆட்டோமேட்டிக்காக வரும் வரிகளை நம்பி உட்காராதீர்கள். ஸ்லாங்கும் (தெருப்பேச்சு) ஊர்ப்பெயரும் வரும் இடத்தில்தான் அவை சறுக்கும். அங்கேதான் பொருளும் இருக்கும். ரேடியோவுக்கான ‘கிளீன்’ பதிப்பு கூடவே கூடாது. சரக்கு, ஆயுதம், போலீஸ் பற்றிய சொற்கள் அதில் வெட்டுப்பட்டிருக்கும், சில நேரம் வரியே மாறியிருக்கும்.

மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை வரிகளைப் பார்க்காமல், எந்த இடத்தில் குரல் தாழ்கிறது, எங்கே பீட் நிற்கிறது என்று மட்டும் குறியுங்கள். இரண்டாவது தடவை வரிகளோடு. மூன்றாவது தடவை பின்னால் ஒலிக்கும் ஆட்-லிப்களுக்காக (வரிகளுக்கு இடையே போடும் சின்னச் சத்தங்கள், சொற்கள்) மட்டும்.

பிறகு பார் பிரியுங்கள். நான்கு தாள அடி (பீட்) ஒரு பார், பதினாறு பார் ஒரு வெர்ஸ் (சரணம் மாதிரி), எட்டு பார் ஒரு ஹுக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) என்பதே பொதுவான அளவு. நிமிடத்துக்கு 90 அடி ஓடும் பாட்டில் ஒரு வெர்ஸ் சுமார் 43 வினாடி. ராப்பில் ட்ராப் என்ற வகைப் பாட்டுகளை 140 என்று குறித்திருந்தாலும் காது 70 என்றே எண்ணும். அந்த வேகத்தில் 16 பார் சுமார் 55 வினாடி. இதைக் கணக்கிடக் காரணம் உண்டு. ராப்பில் எதுகை விழும் இடம் பாரின் கடைசி அடி. முக்கியமான சொல் அங்கே உட்காரும், அதற்கு முந்தின வரி அந்தச் சொல்லுக்காகவே கட்டப்பட்டிருக்கும். எழுத்தில் வரி எங்கே உடைகிறது என்று பார்த்துப் பொருள் கொண்டால், பாதி இடங்களில் ஒரு வாக்கியத்தின் வாலை அடுத்த வாக்கியத்தின் தலையோடு ஒட்டிவிடுவீர்கள்.

ஸ்லாங்: ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதாதீர்கள்

அடிப்படைத் தொழில் சொற்கள் கொஞ்சம்தான். ‘ப்ளக்’ மொத்தமாகச் சரக்குத் தருபவர். ‘வொர்க்’ சரக்கு. ‘ரீ-அப்’ மறுகொள்முதல். ‘ஃப்ளிப்’ வாங்கி விற்று முதலைப் பெருக்குவது. ‘ஃப்ரன்ட்’ பண்ணினான் என்றால் காசு வாங்காமல் கடனுக்குச் சரக்கு விட்டிருக்கிறான். ‘ட்ராப்’ சரக்கு விற்கும் வீடு. ‘பேர்டு’ ஒரு கிலோ. ‘ஸிப்’ ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராமும் கொஞ்சமும். ‘எயிட் பால்’ அதில் எட்டில் ஒரு பங்கு, 3.5 கிராம். ‘ட்வெல்வ்’, ‘ஃபைவ்-ஓ’ இரண்டும் போலீஸ். இரண்டாவது ஒரு பழைய டிவி தொடரின் பெயரிலிருந்து வந்தது.

சிக்கல் பல பொருள் தரும் சொற்களில்தான். ‘பேப்பர்’ என்ற ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பர் பண்ணுகிறேன் என்றால் பணம். ‘ஆன் பேப்பர்’ என்றால் பரோலிலோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ இருக்கிறான், ஊர் விட்டு ஊர் போகக்கூட அனுமதி வேண்டும். ‘பேப்பர்வொர்க்’ என்று வந்தால் நீதிமன்ற ஆவணம்: யார் யாரைக் காட்டிக்கொடுத்தான் என்பதற்கான எழுத்து ஆதாரம். ஒரே வெர்ஸில் மூன்றும் வந்தால் பாடகர் வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று அர்த்தம். அந்த விளையாட்டுதான் அந்த வெர்ஸின் கருத்து. ‘விப்’ காராகவும் இருக்கலாம், சமையல்கட்டில் சரக்கைக் கலக்குவதாகவும் இருக்கலாம். பக்கத்தில் ‘ரிஸ்ட்’ (மணிக்கட்டு) வந்தால் இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம், கூடவே கடிகாரமும் எட்டிப்பார்க்கும்.

வாசகர்கள் விளக்கம் எழுதும் தளங்களைப் பயன்படுத்தலாம், தவறில்லை. பாடகரே சரிபார்த்து எழுதிய குறிப்பு தனியாக அடையாளமிடப்பட்டிருக்கும், அதற்கு முதல் மரியாதை. மற்றவை ஊகம். ஸ்லாங் அகராதியில் தேடும்போது பதிவின் தேதியைப் பாருங்கள். 1995-இன் பாட்டுக்கு 2020-இல் எழுதிய விளக்கத்தை ஒட்டவைப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை.

எண்களைப் போட்டுப் பாருங்கள்

இந்தப் பாட்டுகளில் எண்கள் அலங்காரத்துக்கு வருவதில்லை. நிக்கல் 5 டாலர், டைம் 10, டப் 20, சி-நோட் 100. ராக், பேண்டு, ஸ்டாக் மூன்றும் ஆயிரம். ‘பெஞ்சமின்’ 100 டாலர் தாள். அதில் இருப்பவர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். செத்துப்போன ஜனாதிபதிகள் என்று தாளுக்குப் பட்டப்பெயர் உண்டு, ஆனால் ஃப்ராங்க்ளின் ஜனாதிபதியாக இருந்ததே இல்லை.

எந்தத் தாள் என்பதைக் கவனியுங்கள். இருபது டாலர் தாளாகப் பணம் குவிந்தால் அது தெருமுனைச் சில்லறை வியாபாரம். நூறு டாலர் தாளாக வந்தால் ஒரு படி மேலே போய்விட்டான், அல்லது போய்விட்டதாகச் சொல்கிறான். அளவையும் சரிபார்க்கலாம். எந்த டாலர் தாளும் எடை ஒரு கிராம். 156 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம், 0.11 மில்லிமீட்டர் தடிமன். பத்து லட்சம் டாலரை நூறு டாலர் தாள்களாக வைத்தால் 10,000 தாள், 10 கிலோ, 11 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். சாதாரண ஷூ பெட்டி ஏழெட்டு லிட்டர்தான். ஆக, மில்லியன் டாலரை ஒரே ஷூ பெட்டியில் வைத்திருப்பவர் கணக்கில் வீக், அல்லது மிகைப்படுத்துகிறார். இருபது டாலர் தாளாக அடைத்தால் அதே பெட்டி கொள்வது ஒரு லட்சத்துச் சொச்சம். பழைய கசங்கிய தாள் என்றால் அதுவும் குறையும்.

ஷூ பெட்டி ஏன் என்று கேட்டால் அதற்கும் சட்டம்தான் காரணம். வங்கியில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாகப் போட்டால் வங்கி அரசுக்குத் தகவல் தர வேண்டும். தகவல் போகக்கூடாதென்று சின்னச் சின்னதாகப் பிரித்துப் போடுவது தனிக் குற்றம். கார் கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் 10,000-க்கு மேல் ரொக்கம் வாங்கினால் இதே கடமை. இதனால்தான் பணம் இருந்தும் செலவழிக்க வழியில்லாத மனநிலை இந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பணம் எண்ணும் மெஷின் சத்தத்தைப் பெருமையாக மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பணத்தை அவனால் வங்கியில் வைக்க முடியவில்லை.

வரவு-செலவைப் பிரிப்பது

ஒரு தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது என்று வரிவரியாக எழுதுங்கள். வந்தது நிரம்பி வழியும்: கார், சங்கிலி, கடிகாரம், அம்மாவுக்கு வீடு. போனதில் எழுத ஒன்றுமில்லை என்று முதலில் தோன்றும். அங்கே நிறுத்தாமல் தேடுங்கள். செத்த நண்பனின் பெயர் பெரும்பாலும் பாதி வரியில் வந்து போகும். சிறையில் இருப்பவன் ‘கால்’ (போன் அழைப்பு) என்ற சொல்லுக்குள்ளோ ‘எண்பத்தைந்து’ என்ற எண்ணுக்குள்ளோ ஒளிந்திருப்பான். மத்தியச் சிறையில் 1987-க்குப் பிந்தைய குற்றங்களுக்குப் பரோல் கிடையாது, நன்னடத்தைக் கழிவு போகத் தண்டனையில் பொதுவாக ஏறக்குறைய 85 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். தூக்கமின்மை, யாரையும் நம்பாமை, கதவுக்கு எதிரே உட்காரும் பழக்கம், இருமல் மருந்து கலந்த ‘லீன்’ எல்லாமே செலவுப் பக்கம்தான். காட்டிக்கொடுத்தவன் மீதான கோபத்தையும் அங்கேயே எழுதலாம். ‘ஃபைவ்-கே’ என்ற சொல் வந்தால், தண்டனை வழிகாட்டு நெறிகளில் 5K1.1 என்ற பிரிவு: அரசுக்கு ஒத்துழைத்தவனுக்குத் தண்டனையைக் குறைக்க வழி தருவது. இரண்டு பேரைச் சேர்த்துப் பிடித்து, முதலில் வாய் திறப்பவனுக்குச் சலுகை என்றால் நட்பு என்ன ஆகும் என்பதைத்தான் அந்த வரிகள் பேசுகின்றன.

இந்தக் கணக்குக்கு வெளியிலிருந்தும் ஓர் ஆதாரம் உண்டு. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷ் இருவரும் ஒரு போதைச் சரக்குக் கும்பலின் உண்மையான கணக்கு நோட்டுகளை ஆராய்ந்து 2000-இல் கட்டுரை வெளியிட்டார்கள். தெருவில் நின்று விற்கும் அடிமட்டப் பையனுக்குக் கிடைத்தது அன்றைய குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய தொகைதான், சாகும் ஆபத்தோ மிக அதிகம். காசு மேலே நின்றவனிடம் சேர்ந்தது. ‘நான் மேலே வந்துவிட்டேன்’ என்ற ஒற்றை வரியின் கனம் அப்போது தெரியும். வரவுப் பக்கம் மட்டும் நிரம்பி, செலவுப் பக்கம் எவ்வளவு தேடியும் காலியாக இருக்கும் பாட்டுகளும் இருக்கின்றன. அவை விளம்பரம். ஆடுவதற்கு நல்லவை, பொருள் தேடிக் குடையாதீர்கள்.

ரெக்கார்டு கம்பெனி பற்றிய வரிகள் எந்தப் பக்கம்? அட்வான்ஸை எல்லோரும் வரவில் எழுதிவிடுகிறார்கள், அது கடன். 5 லட்சம் டாலர் அட்வான்ஸ், ராயல்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகரின் பங்கிலிருந்துதான் அட்வான்ஸ் கழியும் என்பதால் பாட்டு 33 லட்சத்து 33 ஆயிரம் டாலர் வசூலித்த பிறகுதான் அடுத்த காசு கைக்கு வரும். ரெக்கார்டிங் செலவும் வீடியோ செலவில் ஒரு பகுதியும் வழக்கமாக இதே கணக்கில் ஏறும். கடனுக்குச் சரக்கு விட்ட ப்ளக், கடனுக்குப் பணம் விட்ட கம்பெனி, இரண்டையும் ஒரே மூச்சில் பாடினால் அவர் இரண்டையும் ஒரே தொழிலாகப் பார்க்கிறார். ‘மாஸ்டர்ஸ்’ என் கையில் என்ற பெருமையும் அதனால்தான் வருகிறது. மூல ஒலிப்பதிவு யாருடையதோ அவர்தான் முதலாளி.

பொருட்களும் பேசும்

‘விவிஎஸ்’ என்று வந்தால் வைரத்தின் தெளிவுத் தரம். பாட்டுகளில் உச்சம் போலச் சொன்னாலும் அதற்கு மேலே குறையற்றது, உள்குறையற்றது என்று இரண்டு படிகள் உண்டு. ‘பஸ்ட் டவுன்’ கம்பெனியிலிருந்து வந்த கடிகாரத்தில் வெளியே கொடுத்து வைரம் பதித்தது. பொதுவாக வாரண்டி போகும், மறுவிற்பனையும் அடிவாங்கும். முதலீட்டைப் பற்றிப் பாடும் அதே வாய் பஸ்ட் டவுனையும் பாடினால் அந்த முரணைக் குறித்துவையுங்கள். கூரையில் நட்சத்திரம் என்றால் ரோல்ஸ்-ராய்ஸ் காரின் உட்கூரையில் பதித்த சின்ன விளக்குகள்.

நாலு வரியில் செய்து பார்ப்போம்

பயிற்சிக்காகக் கட்டிய வரிகள் இவை, எந்தப் பாட்டிலும் இல்லை:

ப்ளக் ரெண்டு பேர்டு ஃப்ரன்ட் பண்ணான், ஞாயிறு வரை கெடு
ஷூ பெட்டி பூரா டப்ஸ், ரப்பர் பேண்டு அறுந்திடும் விடு
இப்ப கூரையில நட்சத்திரம், மணிக்கட்டுல பனி
நாலு மணிக்கு நான் எண்ணுறேன், ப்ரோவை எண்ணுறாங்க தனி

முதல் வரி கடன்: இரண்டு கிலோ, காசில்லாமல், கெடு தேதியோடு. பவுடர் என்றாலும் 500 கிராமைத் தாண்டிவிட்டதால் மாட்டினால் குறைந்தது ஐந்து ஆண்டு. தவணை தவறினால் என்ன ஆகும் என்று வரி சொல்லவில்லை, சொல்லாததுதான் மிரட்டல். இரண்டாவது வரி இருபது டாலர் தாள் என்பதால் சில்லறை விற்பனை. கையில் ஒரு லட்சம் போல இருக்கலாம், ஆனால் அதில் ப்ளக்குக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கழித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரியில் ஒரே தாவலில் செல்வம் வந்துவிட்டது (‘பனி’ என்றால் வைரம்). இடையில் என்ன நடந்தது? அந்த ஓட்டையை நான்காவது வரி நிரப்புகிறது. மத்தியச் சிறைகளில் மாலை நான்கு மணிக்குக் கைதிகள் எழுந்து நிற்க, தலை எண்ணுவார்கள். இவன் பணத்தை எண்ணும் அதே நேரத்தில் அங்கே அவனை எண்ணுகிறார்கள். ப்ரோ கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டியதில்லை, ஒன்றாகத் தொழில் செய்தவன். அவன் உள்ளே இருக்க இவன் வெளியே இருப்பது எப்படி என்ற கேள்வி பாட்டுக்குள் தொங்குகிறது. மூன்றாவது வரியில் ‘பனி’ என்று கத்திய குரல் நான்காவதில் இறங்கினால், பின்னால் ஆட்-லிப் நின்றுபோனால், பெருமைப் பாட்டு அல்ல என்று துணிந்து எழுதலாம். இரண்டு வரியிலும் அதே உற்சாகம் என்றால் எழுத முடியாது. அதனால்தான் வரியை மட்டும் படித்துப் பொருள் சொல்லக்கூடாது.

இதெல்லாம் நிஜமா?

பாட்டின் ‘நான்’ பாடகரேதான் என்று எடுத்துக்கொள்வது ஆபத்தான பழக்கம். மிகைப்படுத்திப் பேசி எதிராளியை மடக்குவது கறுப்பின அமெரிக்க வாய்மொழி மரபில் ராப்புக்கு முன்பே இருந்த கலை. மூன்று பேர் கதையை ஒருவன் தன் கதையாகப் பாடுவது சாதாரணம். நீதிமன்றமே இதில் தடுமாறுகிறது. 2022-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபுல்டன் கவுண்டியில் போட்ட ஒரு பெரிய கும்பல் வழக்கில் ராப் வரிகளைக் குற்றப்பத்திரிகையிலேயே சேர்த்தார்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியா எதிர்த்திசையில் போய், கலைப்படைப்பை ஆதாரமாக ஏற்கும் முன் நீதிபதி கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. விளக்கம் எழுதும்போது ‘பாடகர் இன்னது செய்தார்’ என்று எழுதாமல் ‘பாட்டில் பேசுபவன் இன்னது செய்ததாகச் சொல்கிறான்’ என்று எழுதுங்கள்.

தமிழில் எழுதும்போது

டாலரை ரூபாயாக மாற்றாதீர்கள். பத்து டாலர் பொட்டலம் என்பதன் அற்பத்தனம் மாற்றினால் போய்விடும். ப்ளக், ட்ராப் போன்ற சொற்களை அப்படியே வைத்து முதல் தடவை மட்டும் விளக்குங்கள். சரக்கு, முதல், கெடு, கடன் போன்றவை தமிழிலேயே தொழில் வாசனையோடு இருப்பதால் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கறுப்பினத்தவர் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அந்த ஒரு சொல்லுக்குச் சாதிப் பெயரையோ வேறு வசைச்சொல்லையோ நிகராக வைக்க வேண்டாம். ‘நம்மாளு’, ‘கூட்டாளி’ என்று இடத்துக்கேற்ப எழுதினால் போதும். பெண்களைக் காரோடும் கடிகாரத்தோடும் ஒரே பட்டியலில் சேர்க்கும் வரிகள் வரும். அவற்றை நாகரிகப்படுத்தி மொழிபெயர்க்காமல் உள்ளபடி எழுதிவிட்டு, வரவுப் பக்கத்தில் பெண்ணை ஒரு பொருளாக எழுதியிருக்கிறான் என்று அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள். ஹுக் ஒவ்வொரு தடவையும் ஒரே பொருளில் வராது. முதல் வெர்ஸுக்குப் பின் கொண்டாட்டமாகக் கேட்டது, நண்பன் செத்த மூன்றாவது வெர்ஸுக்குப் பின் வேறாகக் கேட்கும். ஆகவே ஹுக்கின் விளக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்.